‘வராதவங்க எத்தனை பேர்?’ - இந்த ஒரு கேள்வியால் வளர்ந்த மதுரை ஆஸ்பத்திரி!

ரிட்டயர் ஆனவர்கள் நம்ம ஊரில் என்ன செய்வார்கள்? பென்ஷன் பேப்பரில் கையெழுத்து, காலையில் வாக்கிங், பேரனை ஸ்கூலில் விட்டுட்டு வருவது. 1976-ல் மதுரையில் அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற ஒரு கண் டாக்டர், வாடகை வீடு ஒன்றில் 11 படுக்கைகளைப் போட்டு ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். அவருக்கு இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தவர் அவர். பெயர் டாக்டர் கோ.வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்தில் உள்ள வடமலாபுரத்துக்காரர். மருத்துவ உலகத்துக்கு ‘டாக்டர் வி’. அந்த 11 படுக்கைதான் இன்றைய அரவிந்த் கண் மருத்துவமனை. வருடத்துக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன. அதில் பாதிக்கும் மேல் இலவசமாக அல்லது மிகக்குறைந்த கட்டணத்தில்.

“இதெல்லாம் பெரியவங்க கதை பாஸ், எங்களுக்கு எதுக்கு?” என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்று காலேஜ் முடித்த கையோடு ஒரு டிரஸ்ட், ஒரு சோஷியல் ஸ்டார்ட்அப், ஏரி தூர்வாரும் குழு, மாலைநேர டியூஷன் சென்டர் என்று ஆரம்பிக்கிற இளைஞர்கள் ஏராளம். அதில் நிறைய குழுக்கள் இரண்டு வருடத்தில் வாட்ஸ்அப் குரூப்பாக மட்டும் மிஞ்சிவிடுகின்றன. மனசு இல்லாமல் இல்லை. மனசை எப்படித் திட்டமாக மாற்றுவது என்பது தெரியாமல்தான். ‘ஸ்ட்ராட்டஜிக் பிளானிங்’ என்றதும் கோட்-சூட் போட்ட கன்சல்டன்ட்டும் 40 பக்க பி.பி.டி-யும்தான் ஞாபகம் வருகிறது. டாக்டர் வி ஆரம்பித்தபோது அவரிடம் பணமும் இல்லை, எழுதிவைத்த பிசினஸ் பிளானும் இல்லை. ஆனால், அதன்பின் அவரும் அவர் குடும்பமும் எடுத்த முடிவுகளை வரிசையாகப் பார்த்தால், ஸ்ட்ராட்டஜி என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

ஒரு வரியில் சொல்ல முடிகிறதா?

‘சமூகத்துக்கு ஏதாவது நல்லது செய்யணும்.’ இது ஆசை. இதை வைத்துக்கொண்டு திட்டம் போட முடியாது. ஏனென்றால், எதுவுமே இந்த வரிக்குள் அடங்கிவிடும். ரத்ததான முகாமும் அடங்கும், மரம் நடுவதும் அடங்கும், தீபாவளிக்குப் புடவை கொடுப்பதும் அடங்கும். எதையும் ‘இது நம்ம வேலை இல்லை’ என்று தள்ள முடியாது.

அரவிந்த் எடுத்துக்கொண்ட வரி இது: தவிர்த்திருக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது. ‘தவிர்த்திருக்கக்கூடிய’ என்ற அந்த வார்த்தையில்தான் எல்லாமே இருக்கிறது. 1986-89-ல் நடந்த தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் பார்வையிழப்புக்குச் சுமார் 80 சதவிகிதம் காரணம் கண்புரை. கண்புரை சில நிமிட ஆபரேஷனில் சரியாகிற விஷயம். அப்படியானால் நாட்டில் பார்வையில்லாமல் தடவித் தடவி நடக்கிற முக்கால்வாசிப் பேர் அப்படி இருக்கவேண்டிய அவசியமே இல்லை. பிரச்னை மருத்துவத்தில் இல்லை. டாக்டரும் நோயாளியும் சந்திக்கவே இல்லை, அதுதான் பிரச்னை. நோக்கத்தை இவ்வளவு குறுக்கியதால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்தது. என்ன செய்யக் கூடாது என்பதும் தெரிந்தது. ஆஸ்பத்திரி நன்றாக ஓடுகிறதே, பக்கத்திலேயே பிரசவ வார்டு, இதய சிகிச்சை என்று ஆரம்பிக்கலாமே என்ற பக்கம் அவர்கள் போகவில்லை. கண், கண் மட்டும்தான்.

பரோட்டா மாஸ்டர் மாவு பிசைவதில்லை

டாக்டர் வி அமெரிக்கா போனபோது மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து அசந்துபோனார் என்பது பிரபலமான கதை. பர்கரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. எந்த ஊரில் சாப்பிட்டாலும் ஒரே ருசி, அதைச் செய்பவர்கள் எல்லாம் சாதாரணப் பசங்க, பயிற்சிதான் வித்தியாசம். இதே மாதிரி கண் சிகிச்சையை ஏன் கொடுக்க முடியாது என்பது அவர் கேள்வி.

மெக்டொனால்ட்ஸ் வரை போவானேன்? மதுரையில் ராத்திரி எட்டு மணிக்கு ஏதாவது ஒரு பரோட்டா கடை முன்னால் நின்று பாருங்கள். மாஸ்டர் மாவு பிசைய மாட்டார். உருண்டை பிடிக்க ஒருவர், இலை போட ஒருவர், சால்னா ஊற்ற ஒருவர். மாஸ்டர் கை கல்லைவிட்டு நகராது. ஏனென்றால், அந்தக் கடையில் மிகவும் அரிதான பொருள் மாஸ்டரின் நேரம்தான்.

அரவிந்தில் அரிதான பொருள் சர்ஜனின் நேரம். அதனால், ஆபரேஷன் தியேட்டரில் ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேஜைகள். ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முடித்ததும் சர்ஜன் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு இந்தப் பக்கம் வேலையைத் தொடர்வார். பார்வை அளப்பது, சொட்டு மருந்து போடுவது, நோயாளியிடம் பேசிப் பயத்தைப் போக்குவது, தியேட்டரில் கருவிகளை எடுத்துக்கொடுப்பது எல்லாம் வேறு ஆட்கள். இவர்களில் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வந்து, இரண்டு வருடம் பயிற்சி பெற்ற பெண்கள். விளைவு, இந்தியாவில் ஒரு கண் சர்ஜன் சராசரியாக வருடத்துக்கு 400 ஆபரேஷன் செய்கிறார் என்றால், அரவிந்தில் சுமார் 2,000.

உங்கள் அமைப்பில் பரோட்டா மாஸ்டர் யார்? உங்கள் டியூஷன் சென்டரில் கணக்கு நன்றாகச் சொல்லித்தருகிற ஒரே ஒரு அக்கா இருக்கிறார் என்று வையுங்கள். அவர்தான் சாவி வாங்கிக் கதவைத் திறக்கிறார், அட்டெண்டன்ஸ் எடுக்கிறார், இன்ஸ்டாகிராமில் போஸ்ட் போடுகிறார் என்றால், உங்களிடம் திட்டம் இல்லை என்று அர்த்தம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். ‘நோக்கத்துக்காக உழைக்கிறோம்’ என்ற பெயரில் ஆட்களைப் பிழிந்தெடுப்பது இந்த உலகத்தில் சகஜம். “சம்பளத்தையா பார்க்கிற, சர்வீஸைப் பாரு” என்று சொல்லிச் சொல்லியே நல்ல பசங்களை விரட்டிய அமைப்புகள் உண்டு. வேகமாக ஓடும் எந்த அமைப்பிலும் அதன் பாரம் கீழே இருப்பவர்கள் தோளில்தான் முதலில் இறங்கும். திட்டம் போடும்போது இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இலவசம் கொடுக்கக் காசு எங்கிருந்து வருது?

ஆரம்பத்தில் வங்கிகள் கடன் தரவில்லை. வீட்டை அடமானம் வைத்து, குடும்பத்தார் சேர்ந்து போட்ட பணத்தில்தான் முதல் செங்கல். டாக்டராக இருந்த தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் ஆரம்ப அணியிலேயே இருந்தார்கள். வருமானம் வர வர, மாடி மேல் மாடியாகக் கட்டிடம் ஏறியது.

அடிப்படை ஏற்பாடு ரொம்ப எளிது. பணம் கட்ட முடிந்தவர்களிடம் வாங்குகிற நியாயமான கட்டணத்தில் மிச்சம் பிடித்து, கட்ட முடியாதவர்களுக்குச் சிகிச்சை. முகாம் வழியாக வருகிறவர்களின் ஆபரேஷனுக்கு அரசுத் திட்டத்திலிருந்தும் ஒரு தொகை வரும். முகாம் நடத்தும் செலவை அந்தந்த ஊர் லயன்ஸ் கிளப், ரோட்டரி போன்றவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். யார் ஏழை என்று வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எந்த வாசலில் நுழைவது என்பதை நோயாளியே முடிவு செய்துகொள்ளலாம். “அப்போ எல்லாரும் ஓசியில பார்த்துட்டுப் போயிட மாட்டாங்களா?” மாட்டார்கள் என்பதைத்தான் இத்தனை வருட அனுபவம் காட்டுகிறது. கட்டணப் பிரிவில் ஏசி அறை, கட்டில், லென்ஸில் சாய்ஸ். இலவசப் பிரிவில் பாய் விரித்த ஹால். வசதி இருப்பவர் வசதியைத் தேடிப் போய்விடுகிறார். லென்ஸ் வகையும் அறுவை முறையும்கூட இரண்டு பக்கமும் மாறலாம். டாக்டர்கள் மட்டும் மாறுவதில்லை. அதே ஆட்கள்தான் சுழற்சியில் இரண்டு பிரிவிலும் வேலை பார்ப்பார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கட்டணம் கட்டும் நோயாளி தானாகத் தேடி வரவேண்டும் என்றால் தரம் நன்றாக இருந்தே ஆகவேண்டும். டொனேஷனை மட்டும் நம்பி இருந்தால், நன்கொடையாளர் சந்தோஷமாக இருந்தால் போதும். இங்கே நோயாளி சந்தோஷமாக இருக்கவேண்டும். நம் ஊர் அமைப்புகள் பல, வருடாவருடம் சி.எஸ்.ஆர் நிதிக்காக அலைந்து, நிதி கொடுக்கும் கம்பெனிக்கு ஏற்றமாதிரி நோக்கத்தையே மாற்றிக்கொள்கின்றன. இந்த வருடம் பெண் கல்வி, அடுத்த வருடம் பிளாஸ்டிக் ஒழிப்பு. பணம் வரும் வழி எதுவோ, கடைசியில் நோக்கமும் அந்தப் பக்கமே சாய்ந்துவிடும்.

சோடாபுட்டிக் கண்ணாடியும் மதுரை லென்ஸும்

எண்பதுகளில் ஒரு சிக்கல் வந்தது. அதுவரை கண்புரை ஆபரேஷன் என்றால் மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டு, தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். வயல் வேலை செய்கிற ஒருவருக்கு அந்தக் கண்ணாடி உடைந்தால், மறுபடியும் இருட்டு. கண்ணுக்குள்ளேயே வைக்கும் செயற்கை லென்ஸ் வந்தபோது இந்தக் கவலை தீர்ந்தது. ஆனால், வெளிநாட்டு லென்ஸ் ஒன்றின் விலை 100 டாலர் அளவில் இருந்தது. ஆக, காசு கட்டுபவருக்கு லென்ஸ், இல்லாதவருக்கு சோடாபுட்டி. ஒரே கூரையின் கீழ் இரண்டு விதப் பார்வை.

ஏழை நாடுகளுக்கு இந்த லென்ஸெல்லாம் கட்டுப்படியாகாது என்று சொன்ன நிபுணர்கள் அப்போது நிறைய பேர். அரவிந்துக்கு முன்னால் இருந்த எளிதான வழி, நன்கொடையாக லென்ஸ் கேட்டு வாங்குவது. கொஞ்சநாள் அப்படியும் ஓடியது. ஆனால், லட்சக்கணக்கான கண்களுக்கு நன்கொடை லென்ஸ் எந்தக் காலத்தில் கிடைக்கும்? 1992-ல் ஆரோலேப் என்ற உற்பத்திப் பிரிவை மதுரையிலேயே தொடங்கினார்கள். அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை, டேவிட் கிரீன் போன்றவர்கள் தொழில்நுட்பம் பெற உதவினார்கள். லென்ஸ் விலை 10 டாலருக்கு வந்தது. பிறகு அதற்கும் கீழே போனது. இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு மதுரை லென்ஸ் போகிறது.

ஆஸ்பத்திரி நடத்துபவர்கள் ஃபேக்டரி கட்டலாமா? பிரசவ வார்டு வேண்டாம் என்ற அதே ஆட்கள், தங்களுக்குச் சுத்தமாக அனுபவமே இல்லாத உற்பத்தித் தொழிலில் இறங்கினார்கள். முரண்பாடு மாதிரி தெரியும். இரண்டு முடிவையும் எடுத்தது அந்த ஒரு வரிதான். பிரசவ வார்டால் பார்வையிழப்பு குறையாது. லென்ஸ் விலை குறைந்தால் குறையும்.

ஏன் வரல?

இப்போது தலைப்புக்கு வருவோம். எந்த அமைப்பின் ஆண்டறிக்கையையும் புரட்டுங்கள். ‘இந்த வருடம் 5,000 பேர் பயனடைந்தனர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கீழே போட்டோ. யாருமே போடாத எண் ஒன்று இருக்கிறது. பயனடைந்திருக்கவேண்டிய எத்தனை பேர் வரவில்லை?

அரவிந்த் ஆட்கள் இதைக் கேட்டார்கள். கிராமத்தில் முகாம் போட்டால் கூட்டம் அள்ளும். வரிசை நீளும். பார்க்கிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அந்த வரிசையைப் பார்த்து மயங்காமல், முகாம் நடந்த பகுதிகளில் வீடு வீடாகப் போய் ஓர் ஆய்வு நடந்தது. 1999-ல் வெளியான அதன் முடிவு எந்த அமைப்பையும் தூங்கவிடாது. கண் பிரச்னை இருந்தவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் சுமார் 7 சதவிகிதம்தான். சிகிச்சை இலவசம், ஊருக்குள்ளேயே முகாம். இருந்தும் 93 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

வராததற்கான காரணங்களை நம் வீட்டுப் பெரியவர்களை வைத்தே யோசித்துப் பார்க்கலாம். “கூட்டிட்டுப் போக ஆள் இல்ல”, “கத்தி வைப்பாங்கன்னு பயம்”, “இன்னும் கொஞ்சம் தெரியுதே, பரவாயில்ல”, “ஒருநாள் கூலி போயிடும்.” பாட்டி ஆபரேஷனுக்குப் போகவேண்டும் என்றால் கூடவே போக மகள் வேலைக்கு லீவு போடவேண்டும். ஆக, பாட்டிக்கு மட்டும் இலவசம் கொடுத்தால் அது இலவசமே இல்லை. இந்தக் கணக்கில் ஒரு பகுதி அவர்களுக்கு முன்பே பிடிபட்டிருந்தது. அதனால்தான் ஆபரேஷன் தேவைப்படுபவர்களை முகாமிலிருந்து பஸ்ஸிலேயே அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்கள் நாலு பேர் ஒன்றாகப் போவதால் பயமும் பாதியாகிவிடும்.

ஆனால், அந்த 7 சதவிகிதம் சொன்ன செய்தி வேறு. முகாமை இன்னும் நன்றாக நடத்தினால் போதாது. முகாம் என்ற வடிவத்துக்கே எல்லை உண்டு. வருடத்தில் ஒருநாள் வந்து போகிற ஆஸ்பத்திரியை நம்பி யாரும் கண் வலியை ஒத்திப்போட முடியாது. அன்றைக்குக் கல்யாணவீடு என்றால் போச்சு. முகாம்தான் அரவிந்துக்கு உலகப் புகழ் வாங்கித் தந்தது. அந்த முகாமை மட்டும் நம்பினால் போதாது என்று ஒத்துக்கொள்ள ஒரு தைரியம் வேண்டும். புகழ் பெற்றுத் தந்ததைத் தொடுவதற்குத்தான் எந்த அமைப்பும் அதிகம் பயப்படும்.

இரண்டாயிரங்களின் நடுவில் ‘விஷன் சென்டர்’ வந்தது. சிறிய ஊரின் கடைத்தெருவில் இரண்டு மூன்று அறைகள். டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சிபெற்ற பெண் டெக்னீஷியன் கண்ணைப் பரிசோதித்து விவரங்களை அனுப்புவார். பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். கண்ணாடி தேவையென்றால் அங்கேயே கிடைக்கும். ஆபரேஷன் தேவையென்றால் மட்டும் பயணம். கட்டணம் சிறு தொகை. கிராமத்தில் ஒழுங்கான இன்டர்நெட் இல்லாத காலம் என்பதால், தேனி பக்கத்துக் கிராமங்களுக்குப் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உதவியோடு நீண்டதூர வைஃபை இழுத்தார்கள். கோவிட் வந்து நாம் எல்லோரும் வீடியோ கால் டாக்டரைக் கண்டுபிடிப்பதற்குப் பல வருடங்கள் முன்பே, ஆண்டிபட்டி பக்கத்துத் தாத்தாக்கள் ஸ்கிரீனில் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்று இப்படி 100-க்கும் மேற்பட்ட சென்டர்கள்.

நீங்கள் டியூஷன் சென்டர் நடத்தினால், வருகிற 30 பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவீர்கள். அந்தத் தெருவில் வராத 70 பிள்ளைகள் யார்? தம்பியைப் பார்த்துக்கொள்ளவேண்டிய அக்காக்களா? சாயங்காலம் கடையில் நிற்கிற பையன்களா? இதை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தெருவில் இரண்டு நாள் நடந்தாலே தெரிந்துகொள்ளலாம். அந்த 70-ஐ எழுதிவைத்தால் அடுத்த வருடத் திட்டத்தில் முக்கால்வாசி எழுதியாகிவிட்டது. ஒருவேளை டைமிங்கை மாற்றினால் போதும். ஒருவேளை தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னால் போதும்.

பக்கத்துக் கடைக்காரர் ஜெயிச்சா சந்தோஷமா?

ஓர் அமைப்பின் நோக்கம் உண்மையானதா, சும்மா போர்டில் எழுதினதா என்பதைக் கண்டுபிடிக்க எளிதான டெஸ்ட் இது. உங்களைப் போலவே இன்னொருவர் அதே வேலையை உங்களைவிட நன்றாகச் செய்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

ஆரோலேப் தொடங்கிய அதே 1992-ல் லைகோ என்ற பயிற்சி நிறுவனத்தையும் அரவிந்த் தொடங்கியது. வேலை என்ன தெரியுமா? மற்ற கண் ஆஸ்பத்திரிகளுக்கு, தங்கள் சூட்சுமம் அத்தனையையும் சொல்லிக்கொடுப்பது! இந்தியாவிலும் ஆப்பிரிக்கா, ஆசிய நாடுகளிலும் உள்ள நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகள் இங்கே வந்து கற்றுப்போயிருக்கின்றன. சொல்லிக்கொடுக்கும் விதமும் கவனிக்கவேண்டியது. முதலில் அந்த ஆஸ்பத்திரிக்கே போய் நிலவரத்தைப் பார்ப்பார்கள். பிறகு அங்கிருந்து நிர்வாகி, டாக்டர், நர்ஸ் என்று ஒரு குழுவாக மதுரைக்கு வரவேண்டும். முதலாளி மட்டும் வந்து கேட்டுவிட்டுப் போனால் ஊருக்குப் போனதும் எதுவும் நடக்காது என்பது அனுபவம். தங்கள் ஊரில் எத்தனை பேருக்குச் சிகிச்சை தேவை, இப்போது எத்தனை பேரைத் தொடுகிறோம் என்ற கணக்கோடு உட்கார்ந்து, தங்கள் திட்டத்தைத் தாங்களே எழுதுவார்கள். சில மாதங்கள் கழித்து, எழுதினது நடக்கிறதா என்று பார்க்க மறுபடி ஆள் போகும். ஸ்ட்ராட்டஜிக் பிளானிங் என்ற பெரிய வார்த்தைக்கு உள்ளே இருப்பது இவ்வளவுதான். கடைசியில் சொன்ன அந்த ‘மறுபடி போய்ப் பார்ப்பதை’த்தான் நாம் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

எல்லா நோய்க்கும் இந்த மருந்தா?

இல்லை. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1993-லேயே அரவிந்தைப் பாடமாக்கியது. அதைப் படித்துவிட்டு, ‘நாங்களும் இதேபோல்’ என்று கிளம்பியவர்கள் உலகம் முழுக்க உண்டு. கண்புரைக்கு ஒரு வசதி இருக்கிறது. சின்ன ஆபரேஷன், ஒருமுறை செய்தால் போதும், மறுநாள் கட்டைப் பிரித்ததும் பலன் கண்ணெதிரே. பார்வை வந்த பாட்டி ஊருக்குப் போய்ச் சொன்னால் அதைவிட விளம்பரம் வேண்டியதில்லை. உங்கள் வேலை மனநல ஆலோசனையோ, குடிநோய் மீட்போ என்றால் இரண்டு மேஜை டெக்னிக் செல்லாது. அங்கே அவசரப்பட்டால் ஆளைக் கெடுத்துவிடுவோம்.

அரவிந்துக்கே இப்போது அந்தச் சோதனை வந்திருக்கிறது. டாக்டர் வி 2006-ல் மறைந்தார். அவர் காலத்து எதிரி கண்புரை. இப்போது தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு சர்க்கரை நோய். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்படுபவருக்கு ஆரம்பத்தில் வலி இல்லை, மங்கல் இல்லை. தெரிய ஆரம்பிக்கும்போது பாதி தாமதமாகிவிட்டிருக்கும். இழந்த பார்வை முழுதாகத் திரும்பும் என்ற உத்தரவாதமும் இல்லை. விழித்திரையைப் படம் எடுத்து, ஏ.ஐ. மூலம் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் முறையைக் கூகுளோடு சேர்ந்து உருவாக்க உதவியதில் அரவிந்துக்குப் பங்கு உண்டு. 2019-ல் அது மதுரையில் நேரடிப் பயன்பாட்டுக்கும் வந்தது. படம் எடுப்பதும் படிப்பதும் சுலபமாகிவிட்டது. ஆனால், கண் நன்றாகத் தெரிகிற 45 வயதுக்காரரை, எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே, வருடாவருடம் விஷன் சென்டருக்கு வரவைக்கவேண்டும். “எனக்குத்தான் நல்லா தெரியுதே சார், நான் எதுக்கு வரணும்?” என்று அவர் கேட்பார். இந்த முறை பஸ் அனுப்பினாலும் அவர் ஏற மாட்டார்.